ஆறாம் மனையின் பின்பக்கம்

எங்கள் ஊர் மன்றத்துக்குத் திட்ட அதிகாரியாக நார்பர்ட் கால்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு பெரிய நகரத்தில் இதே வேலை. அங்கே நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாக எழும்பிய கிடங்குகளுக்கெல்லாம் முத்திரை குத்திக் கொடுத்தது அவர்தானாம். ஒவ்வொன்றும் சாலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லாரிகளின் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

"செஞ்ச பாவத்துக்கு நடுவுலயே தினமும் காரை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவேன், பெர்னி," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

பெர்னி நான்தான். மன்றத்தில் குமாஸ்தா. கூட்டக் குறிப்பு எழுதுவது, நாய்களுக்கு உரிமம் கொடுப்பது, காப்பி போடுவது மூன்றும் என் பொறுப்பு. நார்பர்ட்டின் மேஜையும் என் மேஜையும் எதிரெதிரே இருந்ததால் இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றையும் நான் கண்ணால் பார்த்தேன், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

அப்போது எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்லாச் சிற்றூருக்கும் தொழிற்பூங்கா ஆசை பிடித்திருந்தது. எங்கள் மன்றமும் நெடுஞ்சாலையை ஒட்டித் தொண்ணூறு ஏக்கர் சோள வயலை வாங்கி, தார்ச்சாலை போட்டு, பதினோரு மனையாகப் பிரித்தது. அதற்கான விதிகளை எழுதும் வேலை நார்பர்ட்டுக்கு வந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினார். நாற்பத்தாறு பக்கம். படங்களையும் தானே பென்சிலால் வரைந்தார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் தொப்பி வைத்த ஒரு குட்டி மனிதன் நடைபாதையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பான்.

கட்டடம் சாலையிலிருந்து நாற்பது அடி தள்ளி நிற்க வேண்டும். வாசல் சாலையைப் பார்க்க வேண்டும். எல்லைச் சுவர் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. மரம் நட்டு மறைப்பதாக இருந்தால், நடும் நாளில் அதற்கு என்ன உயரமோ அதுதான் கணக்கு. பிற்காலத்தில் வளரும் என்ற பேச்சே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினான்காம் விதி: லாரியில் சரக்கு ஏற்றும் மேடையும் வண்டி நிறுத்தும் இடமும் எந்தச் சாலையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. 'எந்தச் சாலையிலிருந்தும்' என்ற சொற்களுக்கு அடியில் அவரே கோடு போட்டிருந்தார்.

மன்றம் கைதட்டி நிறைவேற்றியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒருவரும் வரவில்லை.

தொழிற்பூங்காவுக்குக் காட்டு வான்கோழிகள் வந்தன. கார் ஓட்டப் பழகுகிறவர்கள் வந்தார்கள். நெடுஞ்சாலைப் பலகையில் 'மனைகள் தயார்' என்று எழுதியிருந்த எழுத்தில் பாதி வெயிலில் வெளுத்துப்போனது. திட்டக் குழு மாதாமாதம் கூடி, தொழிற்பூங்கா குறித்துப் பேச எதுவும் இல்லை என்று தீர்மானித்துவிட்டுக் கலைந்தது. அதையும் குறிப்பில் எழுதினேன்.

ஏழாம் வருடம் ஜனவரியில், பூட்ஸில் பனியை உதறிக்கொண்டு ட்ரூடி வென்ஸல் உள்ளே வந்தாள்.

ட்ரூடியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். குதிரைமுள்ளங்கியை அரைத்துப் புட்டியில் அடைத்து விற்கிறவள். பார்க்கச் சாதாரண வேர்தான். அரைத்தால் அதன் காட்டம் மூக்கு வழியாக ஏறி மண்டைக்குப் போகும். மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் முடியாது. ஊர் நடுவே பழைய வெண்ணெய்க் கொட்டகையில் அரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறு பக்கம் ஈமச்சடங்கு இல்லம். ஈமச்சடங்கு இல்லத்துக்காரர் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. செத்தவரைப் பிடிக்காதவர்கள்கூட அங்கே கண்ணீர் விட்டு அழுததால் அவருக்கு நல்ல பெயர். பள்ளிக்கூடம்தான் பொறுக்கவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மொத்த வகுப்பும் அழுததாம்.

"எனக்கு ஒரு மனை வேணும்," என்றாள் ட்ரூடி. "உங்க தொழிற்பூங்காவுல."

நார்பர்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆறு வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்த மனிதர். தன் கையெழுத்துப் போட்டு ஒரு விதிப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தார்.

"எந்த மனை பார்த்து வெச்சிருக்கீங்க?"

"ஆறு. தினமும் வேர் கழுவ எனக்கு ஏகப்பட்ட தண்ணி வேணும். பெரிய குழாய் அங்க வரைக்கும்தான் வந்திருக்குன்னு தண்ணி ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஆறு அருமையான மனை. நட்டநடுவுல," என்று வரைபடத்தை விரித்தார் நார்பர்ட். விரித்தவர் அப்படியே நின்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். மற்ற பத்து மனைகளும் ஓரத்தில் இருந்தன. முன்னால் சாலை, பின்னால் வயல். ஆறாம் மனை மட்டும் நடுவில் ஒரு தீவு. சாலைகள் அதைச் சதுரமாகச் சுற்றிக்கொண்டு போயின. தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று.

"என்ன ஆச்சு?" என்றாள் ட்ரூடி.

"இதுக்குப் பின்பக்கம் இல்ல," என்றார் நார்பர்ட் மெல்ல.

"எதுக்கு?"

"மனைக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்பக்கமா இருக்கு."

ட்ரூடி வரைபடத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "அதனால என்ன? வடக்கால மேடையப் போடுறேன். அங்க யாரு போறா? வான்கோழிதானே போகுது."

"வான்கோழிக்கு விதி எழுதலம்மா நான். சாலைக்கு எழுதியிருக்கேன்."

"சாலைதான் காலியா கிடக்கே!"

"இன்னைக்குக் காலி."

ட்ரூடி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரி, வரைஞ்சுக்கிட்டு வர்றேன்," என்று கிளம்பினாள். வாசலில் திரும்பி, "இந்தப் படத்துல தொப்பி போட்டுக்கிட்டுப் போறாரே, அவரு யாரு?" என்றாள்.

"பொதுஜனம்," என்றார் நார்பர்ட்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ட்ரூடி நான்கு வரைபடங்களோடு வந்தாள். திட்டக் குழுவுக்குத் தலைவி இர்மா லிண்ட்க்விஸ்ட். ஊரில் பாதிப் பெண்களுக்கு முடி வெட்டி, மீதிப் பாதியைப் பற்றிப் பேசுகிறவர். குழுவில் ஏழு பேர். அவர்களில் டெல்மர் என்றொருவர் இருந்தார். பதினொரு வருடமாக எந்தத் தீர்மானத்துக்கும் ஆதரவாகக் கை தூக்காதவர். அவருடைய சொந்தக் கார் கொட்டகைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தபோதும் எதிர்த்தே வாக்களித்தார்.

ட்ரூடி முதல் படத்தை மாட்டினாள். மேடை வடக்கே, முன்னால் பத்தடிச் சுவர்.

"சுவர் மூணடி," என்றார் நார்பர்ட்.

இரண்டாம் படத்தில் சுவர் இருந்த இடத்தில் வரிசையாக ஊசியிலை மரங்கள்.

"நடும்போது எவ்வளவு உயரம்?"

"இடுப்பு உயரம். பத்து வருஷத்துல…"

"நடும் நாள் கணக்கு."

மூன்றாம் படம் கட்டடத்தைக் கோணலாகத் திருப்பி வைத்தது. அதில் மேடை ஒன்றுக்கு இரண்டு சாலையிலிருந்து தெரிந்தது. ட்ரூடி உதட்டைக் கடித்துக்கொண்டு நான்காம் படத்தை மாட்டினாள். வட்டமான கட்டடம், நடுவில் ஓட்டை. லாரி, கார், மேடை எல்லாம் ஓட்டைக்குள்.

"இது என்ன, டோனட்டா?" என்றார் டெல்மர்.

"உங்க விதிப்படி இதுதான் கட்ட முடியுது. என் கட்டடத்துக்கு முதுகு இருக்கக் கூடாதாம். அதான் வயித்துக்குள்ள வெச்சுட்டேன்."

நார்பர்ட் எழுந்து போய் உண்மையிலேயே அக்கறையோடு அந்தப் படத்தைப் பார்த்தார். "லாரி உள்ள போற வழி?"

"இதோ, இந்த வாயில் வழியா."

"அந்த வாயில் திறந்திருக்கும்போது உள்ள இருக்கிற மேடை சாலைக்குத் தெரியுமே."

 ட்ரூடி பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். "எதுக்காக இத்தனை பாடுன்னு நீங்க ஒருதடவை ருசி பார்த்தா புரியும்," என்று மூடியைத் திறந்து மேஜையில் வைத்தாள். அன்று காலையில் அரைத்ததாம். ஜன்னல்கள் குளிருக்கு இறுக்கமாகச் சாத்தியிருந்தன. மூன்று நிமிடத்தில் ஏழு பேரும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். இர்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெல்மர் மேல்சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், 'தொழிற்பூங்கா விவாதத்தில் உறுப்பினர்கள் கண்ணீர்' என்று மறுவாரம் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்.

"நார்பர்ட்," என்றார் இர்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரே ஒரு தடவைக்கு விதிவிலக்கு குடுத்துட்டா என்ன? ஏழு வருஷத்துல வந்த முதல் ஆள்."

"முதல் ஆளுக்கே குடுத்துட்டா ரெண்டாவது ஆளுக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இல்லங்கிறது?"

"எங்கய்யா இருக்கான் உங்க ரெண்டாவது ஆளு?" என்று ட்ரூடி வெடித்தாள். "பக்கத்து ஊர்க்காரன் என்னை வான்னு கூப்பிடுறான். மேடைய எங்க வேணும்னாலும் வெச்சுக்கோ, வேணும்னா கூரை மேல வெச்சுக்கோங்கிறான். ஏப்ரல் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நீங்களும் அந்தத் தொப்பிக்காரரும் பூங்காவுல உலாத்துங்க."

புட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். டெல்மர் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதை நான் குறிப்பில் எழுதவில்லை.

அதற்குப் பின் வந்த வாரங்களில் நார்பர்ட் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குக்கூட வரவில்லை. கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் ஆட்கள், "என்ன நார்பர்ட், பின்பக்கம் கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். அவரும் முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு மளிகை வாங்க அடுத்த ஊருக்குப் போக ஆரம்பித்தார். ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, அவர் தன் சொந்தப் பிரதியில் பதினான்காம் விதியைத் திறந்து வைத்து 'எந்தச் சாலையிலிருந்தும்' என்பதைப் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து அந்தக் கோட்டைப் பொறுமையாக அழித்தார்.

"அடிச்சா என்ன ஆகும்?" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது. அதான் கஷ்டமா இருக்கு." காகிதத் தூசியை ஊதினார். "அந்தப் பொண்ணு பேர்ல தப்பில்ல, பெர்னி. விதியிலயும் தப்பில்ல. சாலைய அங்க சுத்திவிட்டாங்களே, அன்னைக்கு நான் அந்த அறையிலதான் உட்கார்ந்திருந்தேன். படம் பார்க்க அழகா இருந்துது. தலையாட்டிட்டேன்."

ஏப்ரலில் பனி உருகியது. ஒரு திங்கட்கிழமை ட்ரூடி வந்து அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றாள். கோபமெல்லாம் இறங்கி, களைத்த முகமாக இருந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. நீங்க என்னைக்காவது அந்த மனைக்குள்ள கால் வெச்சிருக்கீங்களா?"

நார்பர்ட் யோசித்தார். "சாலையில நின்னு பார்த்திருக்கேன்."

"நானும் அவ்வளவுதான். ரெண்டு பேரும் மூணு மாசமா காகிதத்துக்குச் சண்டை போட்டிருக்கோம். சனிக்கிழமை காலையில என் டெலிவரி வண்டிய எடுத்துக்கிட்டு வர்றேன். உள்ள விட்டு அங்கங்க நிறுத்துறேன். நீங்க காருல நாலு சாலையும் சுத்தி வாங்க. எங்க நிறுத்தினாலும் தெரியுதுன்னா நானே பக்கத்து ஊருக்குக் கிளம்பிடுறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

"விதியில 'கண்ணுக்கு'ன்னுதான் எழுதியிருக்கேன்," என்றார் நார்பர்ட். முகத்தில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது. "கண்ணாலதான் பார்க்கணும். சரி."

சனிக்கிழமை வெயில் அடித்தது. வயலில் பழைய சோளத் தட்டைகளும் அங்கங்கே அழுக்குப் பனியும் கிடந்தன. நார்பர்ட் காரை ஓட்ட, நான் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டெல்மர் கூப்பிடாமலே வந்தார். வடக்குச் சாலையில் மடக்கு நாற்காலி போட்டு, மான் வேட்டைக்கு வைத்திருக்கும் தொலைநோக்கியோடு உட்கார்ந்துகொண்டார்.

ட்ரூடியின் வண்டி வெள்ளை நிறம்; பக்கவாட்டில் கண்ணீர் விடும் குதிரை ஒன்று வரைந்திருக்கும். எங்கே நிறுத்தினாலும் பளிச்சென்று தெரிந்தது. முதல் இடம், நாலு சாலையிலும் தெரிகிறது. இரண்டாவது இடம், நாலிலும். மூன்றாவதில் மூன்று. ஒவ்வொரு தடவையும் நார்பர்ட் செல்போனில், "தெரியுதும்மா," என்பார், செத்த வீட்டில் துக்கம் சொல்கிறவர் குரலில். "சரி, நகர்த்துறேன்," என்பாள் அவள்.

ஐந்தாவது சுற்றில் நாங்கள் மேற்குச் சாலையில் திரும்பியபோது வண்டியைக் காணவில்லை.

நார்பர்ட் வேகத்தைக் குறைத்தார். "இப்பத்தானே இங்க இருந்துது?"

"கோபிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாளோ?"

வடக்குச் சாலைக்கு வந்தோம். டெல்மர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "தெரியுது! தெரியுது! வெள்ளையா!" என்று கத்தினார். நார்பர்ட் இறங்கித் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார்.

"டேய் டெல்மர், அது பனிடா."

"பனியா?" டெல்மர் மறுபடி பார்த்தார். "தெரியுதுல்ல? எழுதிக்கோ."

அப்போது செல்போன் அடித்தது. ட்ரூடியின் குரல் எனக்கே கேட்டது. "எங்க தொலைஞ்சு போனீங்க? பத்து நிமிஷமா ஹாரன் அடிக்கிறேன்! அச்சு வரைக்கும் சேத்துல இறங்கிட்டேன்!"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மனைக்குள்ளதான்! வேற எங்க?"

"இல்லையேம்மா. நாங்க மனையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"நார்பர்ட், நான் சேத்துக்குள்ள உட்கார்ந்திருக்கேன். இது விளையாடற நேரமில்ல."

நார்பர்ட் தொலைநோக்கியை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை நகர்த்தினார். பிறகு போனில், "கொஞ்சம் அப்படியே இருங்க," என்றார்.  "தயவுசெஞ்சு அசையாதீங்க."

"அசைய முடிஞ்சா நான் ஏன்யா உனக்குப் போன் போடுறேன்?" என்றாள். மரியாதையெல்லாம் சேற்றோடு போயிருந்தது.

அவளே வண்டி இழுக்கிற லைலுக்கும் போன் செய்திருந்தாள். லைல் தன் பெரிய இழுவை லாரியோடு வந்து ஆறாம் மனையைச் சுற்றினான். இரண்டாவது தடவையும் சுற்றினான். மூன்றாவது சுற்றில் எங்கள் பக்கத்தில் நிறுத்தி ஜன்னலை இறக்கினான்.

"ட்ரூடி வென்ஸல்னு ஒரு அம்மா கூப்பிட்டாங்க. ஆறாம் மனைன்னாங்க. இதான ஆறு?"

"இதேதான்," என்றார் நார்பர்ட்.

"ஒண்ணும் காணோமே."

"ஒண்ணும் தெரியலதானே? நாலு பக்கமும் பார்த்தியா?"

"மூணு தடவை சுத்திட்டேன் சார்."

நார்பர்ட் என் பக்கம் திரும்பினார். "எழுது பெர்னி. நேரம் பத்து இருபத்தஞ்சு. சாட்சி, இழுவை வண்டி ஓட்டுநர். நாலு சாலை, மூணு சுத்து." பிறகு அந்தப் பெரிய மனிதர் வேலிக்கம்பியைத் தாண்டி, நல்ல காலணியோடு சோளத் தட்டைக்குள் ஓட ஆரம்பித்தார்.

நான் பார்க்காத விஷயம் அடுத்து நடந்தது. வேலியைத் தாண்ட எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. ட்ரூடி பின்னால் சொன்னதைத்தான் சொல்கிறேன். மனையின் வடகிழக்கில், சாலையில் நின்றால் சமதளமாகத் தெரிகிற இடத்தில், நிலம் ஒரு பெரிய கிண்ணம் போல உள்வாங்கியிருந்தது. எங்கள் பக்கத்து நிலத்தில் ஆதிகாலப் பனிப்பாறைகள் இப்படி அங்கங்கே குழி விட்டுப் போயிருக்கின்றன. நார்பர்ட் கிண்ணத்தின் விளிம்பில் வந்து நின்று, கீழே சேற்றில் புதைந்த வண்டியையும் அதன் கூரைமேல் உட்கார்ந்திருந்த ட்ரூடியையும் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்றாராம்.

"யாரைச் சொல்றீங்க?" என்றாளாம் ட்ரூடி.

"குழியை," என்றாராம்.

அவர் வரைபடத்தில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டப் பத்தடி உயரத்துக்கு ஒரு கோடுதான் போட்டிருந்தார்கள். குழியின் ஆழம் ஒன்பதடி. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஏழு வருடமாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. லைல் வண்டியை இழுத்து வெளியே கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுவதும் நார்பர்ட் சேற்றில் முழங்கால் வரை நின்று அளவுநாடாவால் அளந்துகொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் காரின் முன்மூடியில் காகிதத்தை வைத்து எங்கள் எல்லாருக்கும் கணக்குச் சொன்னார்.

"குழி ஒன்பதடி. லாரி இறங்கி நிக்கிற பள்ளத்துக்கு எப்படியும் ரெண்டடி தோண்டணும், பதினொண்ணு. விளிம்புல மூணடிச் சுவர், பதினாலு. ஊர்ல ஓடுற பெரிய லாரி பதிமூணரை அடி."

"அரை அடி மிச்சம்," என்றாள் ட்ரூடி. முடியிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. "அதுல வேணும்னா உங்க தொப்பிக்காரரைப் படுக்க வைங்க."

நார்பர்ட் சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஒட்டகம் இருமுவது மாதிரி இருந்தது.

மே மாதக் கூட்டத்தில் புதிய படம் வந்தது. கட்டடம் தெற்குச் சாலையைப் பார்த்து நாற்பது அடி தள்ளி, பெரிய ஜன்னல்களும் நல்ல வாசலுமாக நின்றது. பின்னால் நிலம் இறங்க, குழிக்குள் சரக்கு மேடை. மேடையை ஒட்டிச் சரிவில் இருபத்திரண்டு கார்கள். குழியில் மழைத்தண்ணீர் தேங்குமே என்று மன்றப் பொறியாளர் கேட்டதற்கு, கிழக்குச் சாலைக்கு அடியில் ஓடைக்கு ஒரு வடிகால் குழாய் போடுவதாக ட்ரூடி ஒப்புக்கொண்டாள். ஒரு விதியும் வளையவில்லை. விதிவிலக்கு என்ற சொல்லே அந்தக் கூட்டத்தில் எழவில்லை.

வாக்கெடுப்புக்கு முன் டெல்மர் பேச அனுமதி கேட்டார். "நான் நேர்ல போய்ப் பார்த்தேன். வேட்டைக் கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒண்ணும் தெரியல. நல்ல திட்டம்." அறையே அசந்துபோனது. இர்மா, "அப்போ ஆதரவா டெல்மர்?" என்றார்.

"எதிர்ப்பு," என்றார் டெல்மர். "மொத்தப் பேரும் ஒத்துக்கிட்டா வெளியில இருக்கிறவன் சந்தேகப்படுவான்."

ஆறுக்கு ஒன்று என்று நிறைவேறியது. ட்ரூடி எழுந்து வந்து நார்பர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். புட்டி எதுவும் திறந்திருக்கவில்லை என்பதை இர்மா குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

அக்டோபரில் தொழிற்சாலை திறந்தது. திறப்பு விழாவுக்கு ஊரே வந்து, தெற்குச் சாலையில் நின்று அந்த வாசலையும் ஜன்னல்களையும் பார்த்தது. நூலகம் மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள். நார்பர்ட் நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலைந்து தடவை நடந்தார். குளிராக இருந்ததால் தலையில் தொப்பி.

மறுநாள் காலை முதல் வேர் லோடு வந்தது. வெளி மாநிலத்து லாரி. ஓட்டுநர் ஆறாம் மனையைச் சுற்றினார், மறுபடி சுற்றினார், பிறகு மன்றத்துக்கே வந்து கவுண்டரில் நின்றார். "இங்க ஏதோ குதிரைமுள்ளங்கி தொழிற்சாலையாம். கட்டடம் இருக்கு. சரக்கு எங்க இறக்குறது? கதவே கண்ணுக்குத் தெரியல." அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். மத்தியானத்துக்குள் மூன்று லாரிகள் ஆறாம் மனையைச் சுற்றிக்கொண்டிருந்தன. ட்ரூடி போன் மேல் போன் போட்டாள்.

"ஒரு பலகை வைக்கணும் நார்பர்ட்! 'லாரிகள் இந்தப் பக்கம்'னு ஒரே ஒரு பலகை!"

"தாராளமா வைக்கலாம்," என்றார் நார்பர்ட். "முப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க. விண்ணப்பம், குழுக் கூட்டம், அறிவிப்பு, எல்லாம் சேர்த்து நாப்பத்தஞ்சு நாள்."

போனிலிருந்து வந்த சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. நார்பர்ட் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து, சாலை வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிற மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரம்தானே எனக்கு. ஒரு ஆள் ரோட்டோரத்துல நின்னு கையைக் காட்டினா அது பலகை ஆகாது. நான் நல்லாப் படிச்சுப் பார்த்துட்டேன்."

நாற்பத்தைந்து நாளும் போனார். லாரி வரும் நேரத்தை ட்ரூடி அவருக்கு ஏற்ற மாதிரி பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குள் வைத்துக்கொண்டாள். வடகிழக்கு மூலையில் நின்று, வருகிற லாரிக்கெல்லாம் கையை வீசிக் கீழே காட்டுவார். லாரி மெல்ல இறங்கி மறையும். அது முழுசாக மறைந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், எங்கிருந்தாவது தெரிகிறதா என்று குனிந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது ட்ரூடி மாட்டிறைச்சி வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு குழிக்குள்ளிருந்து மேலே ஏறி வருவாள்.